பிறந்த வேளையும் வளர்த்த கையும்

பிரசவ காலத்து இடையூறுகள் குழந்தையின் பிற்கால வாழ்வை எதுவரை பின்தொடர்கின்றன என்பது பற்றி வைத்தியர்களும் மனோதத்துவ அறிஞர்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் விசாரணையின் வரலாறு.

குழந்தை பூமியில் விழுந்த வேளையை நாழிகை பிசகாமல் குறித்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு கணத்திலிருந்தே அதன் ஆயுளையும் கல்வியையும் கல்யாணத்தையும் கணித்துவிடலாம் என்று நெடுங்காலம் நம்பி வந்த சமூகம் நம்முடையது. கிரகங்களின்மேல் இருந்த அந்த நம்பிக்கை தளர்ந்துபோன வீடுகளிலும், அதன் சாயலைக் கொண்ட வேறொரு நம்பிக்கை இன்று குடிபுகுந்திருக்கிறது. பிறந்தவுடன் அழாத குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை, கொடி சுற்றிப் பிறந்த குழந்தை, எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்த குழந்தை ஆகிய இவற்றுள் ஒன்று பத்து வயதில் கணக்கில் பின்தங்கினாலும், சிறு சத்தத்துக்குத் திடுக்கிட்டாலும், காரணமின்றிக் கோபித்துக்கொண்டாலும், “பிறக்கும்போது பட்ட பாடு, வேறென்ன?” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதையும், பெற்றவள் அதைத் தன் குற்றம்போல் கேட்டுத் தலைகுனிவதையும் எத்தனையோ வீடுகளில் காணலாம்.

இந்தப் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. அப்படியே ஒப்புக்கொள்ளவும் முடியாது. விஞ்ஞான உலகில் இதற்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு. லண்டன் வைத்தியரான வில்லியம் ஜான் லிட்டில் 1861-ஆம் ஆண்டில் அந்நகரத்துப் பிரசவ வைத்தியர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். கைகால்கள் விறைத்து நடை கோணிப்போன குழந்தைகள் பலருடைய வரலாற்றைத் துருவிப் பார்க்கையில், கடினமான பிரசவமும், குறைமாத ஜனனமும், பிறந்த கணத்தில் மூச்சு அடைத்துப்போனமையுமே அவர்களுக்குப் பின்னணியாக நிற்கின்றன என்று அவர் அதில் எடுத்துக்காட்டினார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1897-இல், பின்னாளில் மனோதத்துவத்தால் உலகப் புகழ் பெற்றவரும் அந்நாளில் வியன்னாவில் நரம்பு வைத்தியராக இருந்தவருமான ஸிக்மண்ட் ஃபிராய்டு, லிட்டிலின் முடிவில் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். பிரசவம் கடினமானதால் குழந்தைக்கு ஊறு நேர்ந்ததா, அல்லது கருவிலேயே ஊறுபட்டுவிட்ட குழந்தையாகையால்தான் பிரசவம் கடினமாயிற்றா என்பது அவர் கேள்வி. அதை வைத்திய உலகம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் பொருட்படுத்தாமலே விட்டுவிட்டது.

விடை கிடைப்பதற்குப் பெரும் பதிவேடுகள் தேவைப்பட்டன. மயக்க மருந்து நிபுணரான வர்ஜீனியா ஆப்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி, பிறந்த சிசுவின் இதயத் துடிப்பு, சுவாசம், தசைகளின் முறுக்கு, தூண்டினால் முகம் சுளிக்கும் தன்மை, மேனியின் நிறம் ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண்ணாகப் பத்துக்குக் கணக்கிடும் முறையை 1953-இல் வெளியிட்டார். அந்த மதிப்பெண்களோடு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியின் ஏடுகளைக் காரின் நெல்ஸன், ஜோனாஸ் எல்லன்பர்க் என்ற இருவர் பரிசீலித்து, 1981-இல் தங்கள் முடிவை அறிவித்தனர். பிற்காலத்தில் மூளை முடக்குவாதம் கண்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பிறந்த முதல் நிமிஷத்தில் ஏழுக்குக் குறையாத நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். பத்து நிமிஷங்களுக்குப் பிறகும் மூன்றைத் தாண்டாமல் கிடந்து பிழைத்தவர்களிலோ நூற்றுக்கு எண்பது பேர் பள்ளிப் பருவத்தில் பெரிய குறையேதும் இல்லாமல் இருந்தார்கள். முதல் அழுகையைக் கொண்டு முழு வாழ்க்கையைக் கணிப்பதும் ஒருவகை ஜோதிடம்தான் என்று அந்த ஏடுகள் சொல்லாமல் சொல்லின.

அவஸ்தையின் ரசாயனம்

ஆயினும் கைகால் முடக்கமோ புத்தி மாந்தமோ மட்டும் குழந்தையின் நலத்தை நிர்ணயிப்பவை அல்ல. அச்சம், ஆத்திரம், நித்திரை, கவனம், நோயை எதிர்க்கும் சக்தி ஆகிய இவை யாவற்றின் அடியிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரசாயன ஏற்பாடு உண்டு. மான்ட்ரியால் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஹான்ஸ் செல்யே, 1936-இல், குளிரில் வைத்தாலும் காயப்படுத்தினாலும் ஓயாமல் ஓடவைத்தாலும் மருந்தால் நஞ்சூட்டினாலும் எலிகளின் உடலில் ஒரே விதமான மாறுதல்களே நிகழ்கின்றன என்றும், சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வீங்குவது அவற்றுள் முக்கியமானது என்றும் கண்டு சொன்னார். துன்பங்கள் பலவாயினும் அவற்றுக்குச் சரீரம் தரும் மறுமொழி ஒன்றே என்ற அந்தக் கருத்திலிருந்து மன அழுத்தத்தைப் பற்றிய நவீன ஆராய்ச்சி முழுவதும் கிளைத்தது.

அந்த மறுமொழியின் தலைமைத் தூதன் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன். மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலாமஸ் ஏவ, அதன்கீழ் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி கேட்டு, அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லி அனுப்ப, கார்ட்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. வேண்டிய அளவு கலந்ததும் அதுவே மூளைக்குச் சென்று, தன் உற்பத்தியைத் தானே நிறுத்திக்கொள்ளச் செய்கிறது. விடியற்காலையில் கண்விழித்த சற்று நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, நள்ளிரவில் அடங்கிக் கிடக்கும் இந்த ஹார்மோன் சத்துருவன்று. பசியும் நோயும் பயமும் வந்த வேளையில் உயிரைக் காப்பதே அதன் தொழில். அபாயம் நீங்கிய பிறகும் அடங்க மறுப்பதும், அபாயம் வந்தபோதும் எழ மறுப்பதுமே அதன் கோளாறுகள். வீணைத் தந்தியை முறுக்கும் அளவு அதிகமாயினும் குறைவாயினும் ஸ்வரம் கெடுவதுபோல, இந்த ஏற்பாடும் முதலில் எந்த நிலையில் அமைந்துவிடுகிறதோ அதைப் பொறுத்தே பிற்கால வாழ்க்கையின் சுருதி பெரிதும் அமைகிறது என்பது ஆராய்ச்சியாளரின் கொள்கை.

தாய் படும் ஒவ்வொரு கவலையும் நேரே சிசுவின் இரத்தத்தில் இறங்கிவிடுமானால் மனித குலம் தழைத்திருக்க இடமில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, தாயின் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வீரியமற்ற வேறொரு பொருளாக மாற்றிவிட்டே அப்பால் அனுப்புகிறது. கடும் கவலையும் தொற்றுநோயும் போஷாக்குக் குறைவும் அந்தக் காவலைத் தளர்த்தக்கூடும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சுற்றிய பிரதேசத்தில் பல்லாயிரம் தாய்மாரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்றில், கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிகுந்த கலக்கத்தோடு இருந்தவர்களின் குழந்தைகளிடம் நான்கு வயதில் நடத்தைக் கோளாறுகள் கூடுதலாகத் தென்பட்டன என்று தாமஸ் ஓகானரும் விவெட் குளோவரும் அவர்களுடைய சகாக்களும் 2002-இல் எழுதினர். அப்போதும் அக்குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருந்தார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

ஜனன வேளையின் அலை

பிரசவம் என்பதே சிசுவுக்கு ஒரு பெரும் சோதனை. பனிக்குடம் உடைந்து, கர்ப்பப்பை இறுக்கி இறுக்கித் தள்ள, தலை நெருக்குண்டு, ஒவ்வொரு வலியின்போதும் பிராணவாயு சற்றே குறைந்து குறைந்து வருகையில், அதன் இரத்தத்தில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பெருகும் பெருக்கம், வளர்ந்த மனிதருக்குப் பெரும் ஆபத்தில்கூடக் காணாத அளவினது. ஸ்வீடன் நாட்டு ஹ்யூகோ லாகர்கிரான்ட்ஸும் அமெரிக்கரான தியோடர் ஸ்லாட்கினும் 1986-இல் இதைப் பற்றி எழுதுகையில், இந்தப் பெருக்கம் தீங்கன்று, தேவையே என்று வாதித்தனர். நுரையீரலில் நிறைந்திருந்த நீரை வற்றச் செய்வதும், இதயத்துக்கும் மூளைக்கும் இரத்தத்தைத் திருப்பிவிடுவதும், புதிதாகப் பிறந்த உயிரை விழிப்போடு தாயின் முகத்தைப் பார்க்கச் செய்வதும் அந்த அலையின் வேலைகள். வலி காணுமுன்பே நாள் குறித்துச் சிசேரியன் செய்து எடுக்கும் குழந்தைகளில் சிலர் முதல் நாளில் மூச்சு வாங்கித் தவிப்பதற்கு, அந்த அலை எழாமற்போவதே ஒரு முக்கிய காரணம்.

அலை எவ்வாறு எழுந்தது என்பதன் சுவடு சில வாரங்களுக்காவது தங்குகிறது என்பதற்கும் சான்று உண்டு. லண்டனில் டெய்லரும் ஃபிஸ்க்கும் குளோவரும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், எட்டு வாரக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டபோது அவர்களின் உமிழ்நீரில் ஏறிய கார்ட்டிசாலை அளந்தார்கள். ஆயுதம் போட்டு எடுத்த குழந்தைகளிடம் அது மிகவும் ஏறியிருந்தது. நாள் குறித்துச் சிசேரியன் செய்த குழந்தைகளிடம் மிகவும் குறைவாக ஏறியிருந்தது. சாதாரணப் பிரசவக் குழந்தைகள் இரண்டுக்கும் நடுவே நின்றார்கள். ஊசி முனையில் எட்டு வாரக் குழந்தை எவ்வளவு கலங்குகிறது என்பதில், அது இவ்வுலகுக்கு வந்த வழியின் நினைவை உடம்பு காட்டிவிட்டது.

அதே ஹார்மோன், மருந்தாக

இந்த ஹார்மோனின் இரட்டை ஸ்வபாவத்தை ஆக்லாந்து நகரத்துக் கதையைப்போல் விளக்குவது வேறில்லை. நியூஸிலாந்து பிரசவ வைத்தியரான கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று அறிய விரும்பி, கருவிலிருந்த ஆட்டுக்குட்டிகளுக்குக் கார்ட்டிசால் இனத்து மருந்துகளைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குறைகாலத்தில் பிறந்த அந்தக் குட்டிகள் நுரையீரல் முதிராமல் உடனே இறந்துவிட வேண்டியவை. அவற்றுள் ஒன்று மறுநாளும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பிரசவத்தைப் பற்றிய கேள்வியை அத்தோடு ஒதுக்கிவிடாமல், இந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதுதான் மேதைமை. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான ஒரு பொருள் குறைமாதக் குழந்தைகளிடம் போதாமலிருப்பதே அவர்களின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று மேரி எலன் ஏவரி 1959-இலேயே காட்டியிருந்தார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் 1963-இல் குறைமாதத்தில் பிறந்து இரண்டே நாளில் மாண்டதும் அந்த நோயினாலேதான். கார்ட்டிசால் இனத்து மருந்து அந்தப் பொருளின் உற்பத்தியை முன்கூட்டியே தூண்டிவிடுகிறது என்பது லிக்கின்ஸின் ஊகம்.

அவரும் குழந்தை வைத்தியரான ராஸ் ஹோவியும் குறைப்பிரசவ அபாயத்திலிருந்த 282 தாய்மாருக்கிடையே பரிசோதனை நடத்தி 1972-இல் முடிவை வெளியிட்டனர். அவ்வினத்து மருந்தான பீட்டாமெத்தசோன் ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் முதல் வாரத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 3.2, பெறாதவர்களின் குழந்தைகளில் 15. இவ்வளவு தெளிவான நன்மை இருந்தும், அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு 1994-இல் பரிந்துரைக்கும் வரையில், இம்மருந்தை வைத்தியர்கள் தாராளமாகக் கையாளவில்லை. கருவிலேயே ஊசியின் பலனைப் பெற்ற அந்த ஆக்லாந்துக் குழந்தைகளை முப்பது வயதில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, சர்க்கரையை உடல் கையாளும் விதத்தில் காணப்பட்ட சிறு வேறுபாட்டைத் தவிர, மனநலத்திலோ இருதயத்திலோ குறையேதும் தென்படவில்லை.

எனினும் காலமும் இடமும் தவறினால் அமிர்தமும் நஞ்சாகும் என்பது இங்கும் பொருந்துகிறது. கர்ப்பத்தின் வயதைச் சரியாக அறிய வசதியில்லாத கிராமப்புறங்களில் இம்மருந்தைப் பரவலாகக் கொடுக்க முயன்ற ஆறு நாடுகளின் ஆராய்ச்சி, சிசு மரணம் மொத்தத்தில் கூடியதாக 2015-இல் தெரிவித்தது. ஸ்கேன் வசதியும் பச்சிளங்குழந்தைகளுக்கான சிகிச்சையும் உள்ள மருத்துவமனைகளில், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய பரிசோதனையோ, மரணம் நூற்றுக்கு 23.5-இலிருந்து 19.6-ஆகக் குறைந்ததாக 2020-இல் தெரிவித்தது. மருந்து ஒன்றே, அதைக் கொடுத்த சூழ்நிலைதான் வேறு. அதே ஆண்டில், 6,70,000-க்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்த பின்லாந்து ஆராய்ச்சியாளர், குறைப்பிரசவம் ஆகுமோ என்றஞ்சி ஊசி போடப்பட்டும் நிறைமாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைகளிடம் மனநலக் கோளாறுகள் கூடுதலாக இருந்ததைச் சுட்டிக்காட்டினர். தேவையுள்ள சிசுவுக்கு உயிர் கொடுக்கும் ஊசியைத் தேவையில்லாத சிசுவுக்குப் போடுவது வீண் என்பதோடு நிற்பதில்லை.

கண்ணாடிப் பெட்டியில் கழிந்த நாட்கள்

உலகில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று குறைமாதத்தில் பிறக்கிறது. 2020-இல் மட்டும் அப்படிப் பிறந்தவை 1 கோடியே 34 லட்சம். தாயின் இருட்டறைக்குள் மிதந்துகொண்டிருக்க வேண்டிய வாரங்களை அவை வெளிச்சத்திலும் இரைச்சலிலும் குதிகாலில் குத்தும் ஊசிகளுக்கிடையிலும் கழிக்கின்றன. பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்ற தவறான எண்ணத்தால், 1980-களின் பாதி வரையிலும்கூட அவற்றுக்குப் போதிய வலிமருந்தின்றியே அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. இந்தியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபர்டில் பணியாற்றிய கன்வல்ஜீத் சிங் ஆனந்த், வலிமருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே எழுவதையும் அவை நன்றாகத் தேறுவதையும் 1987-இல் நிரூபித்தார். அழத் தெரிந்ததே தவிரச் சொல்லத் தெரியாத நோயாளிக்காக ஹார்மோன்கள் சாட்சி சொல்லின. கனடாவில் ரூத் குரூனாவின் குழுவினர், மிகக் குறைந்த மாதங்களில் பிறந்த குழந்தைகளின் கார்ட்டிசால் மூன்றாம் மாதத்தில் தாழ்ந்தும், எட்டாம் மாதத்திலும் பதினெட்டாம் மாதத்திலும் உயர்ந்தும் இருந்ததை 2007-இல் காட்டி, மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் அந்த ஏற்பாடு தன் நிலைக்குத் திரும்பாதிருக்கக்கூடும் என்றனர்.

மூச்சடைத்துப் பிறந்த குழந்தைகளின் உடலை 72 மணி நேரம் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை மேல்நாடுகளில் வெற்றி பெற்றது. அதைச் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் இலங்கையிலும் வங்காளதேசத்திலும் 408 குழந்தைகளிடம் சோதித்த ஹீலிக்ஸ் ஆராய்ச்சி 2021-இல் அறிவித்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது: குளிர்வித்த குழந்தைகளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 42, குளிர்விக்காதவர்களில் 31. நம் பகுதிக் குழந்தைகள் பலரிடம் மூளையின் ஊறு பிரசவ அறைக்கு வருமுன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கூறும் காரணங்களுள் ஒன்று. ஃபிராய்டின் பழைய கேள்வி இவ்விதம் சென்னை எழும்பூரிலும் எதிரொலித்தது.

பேறுகால ஏடுகள் சொன்னது

கருவிலிருந்து முதுமை வரையில் நீளும் கதையைச் சொன்னவர் டேவிட் பார்க்கர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாகாணத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற சுகாதார அதிகாரி, 1911 முதல், மருத்துவச்சிகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையின் எடையையும் எழுதி வைக்கச் செய்திருந்த ஏடுகளைப் பார்க்கர் கண்டெடுத்து, எடை குறைந்து பிறந்தவர்களே பின்னாளில் இருதய நோயால் மிகுதியாக மாண்டார்கள் என்று காட்டினார். அவ்வூர் ஆடவரிடமே, பிறந்த எடை குறையக் குறைய முதிய வயதில் காலைக் கார்ட்டிசால் கூடியிருந்ததை டேவிட் ஃபிலிப்ஸ் 1998-இல் அளந்து சொன்னார். நம் பக்கத்தில் மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பேணப்பட்ட பேறுகால ஏடுகள் கிடைத்தன. அங்கே பிறந்து நடுவயதை எட்டிய 517 பேரைப் பரிசோதித்த குழு, எடை குறைந்து பிறந்தவர்களிடம் இருதய நோய் அதிகமிருந்ததை 1996-இல் உறுதி செய்தது. எடைத் தராசும் மைக்கூடும் வைத்திருந்த பெயர் தெரியாத தாதிமார்கள் இல்லையேல் இந்தச் சாஸ்திரமே இல்லை.

காவாய்த் தீவின் சாட்சி

இவையெல்லாம் வடுவின் கதை. வடுவை மீறி வளர்ந்தவர்களின் கதையைச் சொல்வது ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாய். கரும்புத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் நிறைந்து, ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் ஹவாயின் பூர்விகக் குடிகளும் கலந்து வாழ்ந்த அந்தத் தீவில் 1955-ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளை, அவர்கள் தாய் வயிற்றில் இருந்தபோதே தொடங்கி, 1, 2, 10, 18, 32, 40 ஆகிய வயதுகளில் திரும்பத் திரும்பத் தேடிச் சென்று கவனித்தது ஓர் ஆராய்ச்சிக் குழு. ஜெர்மனியில் பிறந்து, யுத்தத்தின் குண்டுமழைக்கிடையே சிறுவயதைக் கழித்து, கலிஃபோர்னியாவில் பேராசிரியரான எம்மி வெர்னர் அதன் உயிர்நாடி. ரூத் ஸ்மித் அவருடைய துணை. தேர்ந்தெடுத்த சிலரை அவர்கள் ஆராயவில்லை. 698 குழந்தைகளைக் கொண்ட அவ்வாண்டின் தலைமுறை முழுவதையும் ஆராய்ந்தார்கள்.

பிரசவத்தில் கடும் இடையூறு கண்ட குழந்தைகளையும் இடையூறே காணாத குழந்தைகளையும் இரண்டாவது வயதை நெருங்கும்போது சோதித்ததில் கிடைத்த முடிவு, இந்த நூற்றைம்பது ஆண்டு விசாரணையின் திருப்புமுனை என்று சொல்லத்தகும். அமைதியும் போதிய வருமானமும் உள்ள வீடுகளில் இரு சாராருக்கும் இடையேயிருந்த வேற்றுமை மிகச் சிறியது. வறுமையும் பூசலும் நிறைந்த வீடுகளில் அதே இடையூறு விளைவித்த வேற்றுமையோ பல மடங்கு பெரியது. அது மட்டுமன்று, மத்தியதர வீட்டில் வளர்ந்த, பிரசவத்தில் மிகக் கொடிய அவஸ்தைப்பட்ட குழந்தைகள், ஏழ்மையில் வளர்ந்த, பிரசவத்தில் யாதொரு குறையும் காணாத குழந்தைகளுக்கு ஏறக்குறைய நிகராகவே நின்றார்கள். பிறந்த வேளை கீறியதை வளர்த்த வீடு ஆழமாக்கவும் வல்லது, ஆற்றிவிடவும் வல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை. 1975-இல் ஆர்னால்டு ஸமராஃபும் மைக்கேல் சாண்ட்லரும் அதுவரை வந்த ஆராய்ச்சிகளை ஒருங்கே திரட்டிப் பார்த்துச் சொன்ன முடிவும் இதுவே: பிரசவச் சேதத்தை மட்டும் கொண்டு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்ல இயலாது, வளர்ப்பின் சேதத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிரசவ இடையூறு, வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் மனநோய் முதலியவற்றில் நான்கையோ அதற்கு மேற்பட்டவற்றையோ இரண்டு வயதுக்குள் சுமந்த குழந்தைகளில் மூன்றில் இரு பங்கினர் பதினெட்டு வயதுக்குள் ஏதாவதொரு தொல்லையில் சிக்கினார்கள். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினரான 72 பேர், அன்பும் தன்னம்பிக்கையும் திறமையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அந்த 72 பேரின் குழந்தைப் பருவத்தை வெர்னர் திருப்பிப் பார்த்தபோது பெரும்பாலும் எல்லாரிடத்தும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. தாயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை; பாட்டியோ தாத்தாவோ அத்தையோ அக்காவோ, முதல் வருஷங்களில் அந்தக் குழந்தையைத் தன் குழந்தையென்று மடியில் ஏற்றுக்கொண்ட ஒருவராவது இருந்தார். சிக்கிக்கொண்ட இரு பங்கினரிலும் பலர், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், மீண்டும் படிக்கக் கிடைத்த வாய்ப்பினாலோ, நல்ல மண வாழ்வினாலோ, ராணுவ சேவையினாலோ, மதச் சங்கத்தின் அரவணைப்பினாலோ கரையேறிவிட்டார்கள் என்பதையும் அந்த ஆராய்ச்சி பதிவு செய்தது. பதினெட்டாம் வயதில் ஏட்டை மூடியிருந்தால் இந்த நற்செய்தி நமக்குக் கிட்டியிராது.

அணைக்கும் கையின் ஹார்மோன் கணக்கு

வளர்ப்பு என்று பொதுப்படச் சொன்னது கார்ட்டிசாலை உண்மையில் மாற்றுகிறதா என்பதை மைக்கேல் மீனி மான்ட்ரியாலில் எலிகளிடம் ஆராய்ந்தார். குட்டிகளை மிகுதியாக நக்கிக் கொடுக்கும் தாய்களிடம் வளர்ந்தவை அழுத்தத்தை எளிதில் தாங்கின. அலட்சியத் தாய்க்குப் பிறந்த குட்டியை அக்கறையுள்ள தாயிடம் மாற்றி வளர்த்தாலும் அது தாங்கக் கற்றது.

மனிதரிடத்தில் இத்தகைய பரிசோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது. சரித்திரத்தின் கொடுமையே அதைச் செய்து வைத்தது. ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி 1989-இல் கவிழ்ந்தபோது, அநாதை விடுதிகளில் தொட்டுத் தூக்குவாரின்றிக் கிடந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் உலகின் கண்ணில் பட்டார்கள். 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆராய்ச்சியில் 136 குழந்தைகளுள் பாதிப்பேர், குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். பன்னிரண்டாம் வயதை ஒட்டி அவர்களைச் சோதித்தபோது, விடுதியில் தங்கிவிட்டவர்களின் கார்ட்டிசால் சவால் வந்தபோதும் மந்தமாகவே கிடந்தது. இரண்டு வயதுக்குமுன் ஒரு வீட்டுக்குச் சென்று சேர்ந்தவர்களிடம் அது சாதாரணக் குழந்தைகளிடம் போலவே எழுந்து அடங்கியது.

குறைமாதக் குழந்தைகளுக்கான வழி ஏழை நாடொன்றிலிருந்தே பிறந்தது. கொலம்பியாவின் பொகோட்டாவில், கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தும் நிலை வந்தபோது, எட்கர் ரே என்ற வைத்தியர் 1978-இல் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோல் படக் கட்டிவைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார். வேறு வழியின்றிக் கைக்கொண்ட அந்த உபாயம் பெட்டியினும் மேலானது என்று காலம் காட்டியது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன், அம்முறையில் பேணப்பட்ட குறைமாதக் குழந்தைகளையும் பேணப்படாதவர்களையும் பத்து ஆண்டுகள் தொடர்ந்து சென்று, முன்னவர்களிடம் அழுத்தத்துக்கான ஹார்மோன் மறுமொழி நிதானமாகவும், உறக்கம் ஒழுங்காகவும், மனத்தை ஒருநிலைப்படுத்தும் திறன் மேம்பட்டும் இருந்ததை 2014-இல் வெளியிட்டார். பிறந்தவுடனே, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், கங்காரு முறையைத் தொடங்குவதை இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் சோதித்தபோது, முதல் 28 நாள் மரணம் நூற்றுக்கு 15.7-இலிருந்து 12-ஆகக் குறைந்தது.

யார் பொறுப்பு?

இந்த வரலாற்றைத் தாயின்மேல் சுமத்தும் புதியதொரு குற்றப்பத்திரிகையாகப் படிப்பவர்கள் அதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். கர்ப்பிணியைப் பார்த்து “கவலைப்படாதே, குழந்தைக்கு ஆகாது” என்று சொல்வது அவள் கவலையோடு இன்னொரு கவலையைச் சேர்ப்பதேயாகும். காவாயும் புக்கரெஸ்டும் பொகோட்டாவும் ஒருமுகமாகச் சொல்வது, தாயைத் தாங்குவதற்கு நாலு பேர் இருந்தால்தான் அவள் குழந்தையைத் தாங்க முடியும் என்பதே. குவாத்தமாலா நாட்டின் ஒரு மருத்துவமனையில், பிரசவ வலி கண்ட பெண்ணின் அருகில், அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாகப் பேசிக்கொண்டிருப்பதை மட்டுமே சிகிச்சையாகக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று 1980-இல் வெளிவந்தது. தனியே கிடந்தவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் நீடித்த பிரசவம், துணையிருந்தவர்களுக்கு 8.8 மணி நேரத்தில் முடிந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று, அம்மாவும் பாட்டியும் அத்தையும் சூழப் பிள்ளை பெற்ற நம் பெண்கள் இதை ஆராய்ச்சியின்றியே அறிந்திருந்தார்கள். மருத்துவமனை நம்மிடம் கொணர்ந்த மயக்க மருந்தும் இரத்தமும் அறுவைச் சிகிச்சையும் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆனால் அவற்றோடு கூடவே வந்த பூட்டிய கதவு யாரையும் காக்கவில்லை.

மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டம், அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையில் தாய்க்குத் துணையாக ஒருவரை அனுமதிக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அதையே வற்புறுத்துகிறது. காகிதத்தில் உள்ள அந்த உரிமையைத் தாய்மார்கள் வார்டுகளில் கேட்டுப் பெறவேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவில் தாய்க்கு ஒரு நாற்காலிக்குப் பதிலாக ஒரு கட்டிலே போடவேண்டும். குறைமாதக் குழந்தையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரையில் சமையலும் துணி துவைப்பும் வேறொருவர் பொறுப்பாக இருக்கவேண்டும். அந்த வேறொருவர் கணவனாக இருப்பதில் எந்தச் சாஸ்திரத்துக்கும் ஆட்சேபம் இல்லை. பிரசவ இடையூறு கண்ட குழந்தைகளைப் பள்ளி செல்லும் வயது வரையில் தொடர்ந்து பார்வையிடவேண்டும். அதுவும், குறையைத் தேடி முத்திரை குத்துவதற்காக அன்றி, உதவி எங்கே தேவை என்று அறிவதற்காக. பிறந்த வேளையை மாற்ற எவராலும் இயலாது; அதற்குப் பிந்திய வேளைகள் அத்தனையும் நம் கையில் இருக்க, அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு பெருமூச்சு விடும் வழக்கத்தை விடுவதற்கு நமக்கு இனி வேறு நிரூபணம் தேவையில்லை.